ஆறிய இன்ஜினும் எண்பத்து நான்கு டிகிரியும்

வண்டியைச் சோதிக்க எந்த ஸ்கேனர் வாங்கலாம் என்று, இந்த வேலை பழக வந்த உங்களில் யார் கேட்டாலும் நான் பெயர் சொல்வதில்லை. அதில் உங்களுக்கு என் மேல் வருத்தம் உண்டு என்பது தெரியும். நான் வேலை பார்த்த காலத்துக் கருவிகள் இன்று காயலான் கடையில்கூடக் கிடைக்காது. பெயரைச் சொல்லி என்ன செய்யப் போகிறீர்கள்? அதற்குப் பதிலாக, எங்கள் ஸ்கேனரை நாங்கள் தேர்ந்தெடுத்த நாளில் நடந்ததைச் சொல்கிறேன். கருவி மாறியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு முடிவெடுக்கிறவர்களுக்கு வரும் நெருக்கடி மாறவில்லை.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்காக அதைச் சோதித்து, வாங்கலாம் அல்லது வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் ஷெட் இருந்தது. முதலாளியை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். வண்ணாரப்பேட்டையில் லாரி உதிரிபாகக் கடை வைத்து முன்னுக்கு வந்தவர். நல்ல மனிதர். தன் ஷெட் நான்கு பேர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை மட்டும் கொஞ்சம் கூடுதல். நான் வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவள். ஐ.டி.ஐ.யில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். ஷெட்டில் சேர்ந்த புதிதில் வண்டி கொண்டுவருகிறவர்கள் என்னிடம் டீ கேட்பார்கள். போகப் போக வண்டியைப் பற்றிக் கேட்டார்கள்.

அதுவரை எங்களுக்குக் காதும் மூக்கும் கையும் போதுமாக இருந்தன. இன்ஜின் சத்தம், புகையின் வாசனை, ஸ்டியரிங்கின் நடுக்கம் இவையே பாதிக் கதையைச் சொல்லிவிடும். இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் வைத்த இன்ஜின்கள் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வர ஆரம்பித்தன. அவற்றில் ஒரு கோளாறு வந்தால் கம்ப்யூட்டர் அதை ஒரு குறியீடாக உள்ளே பதிந்து வைத்துக்கொள்ளும். அதைப் படிக்க ஸ்கேனர் வேண்டும். எங்களிடம் இல்லை. "கம்ப்யூட்டர் வண்டியா, எங்களால் முடியாது" என்று நல்ல வேலைகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம்.

நந்தம்பாக்கத்தில் ஒரு கண்காட்சிக்குப் போய்வந்த பாய், அங்கே பார்த்த ஒரு கருவியில் மயங்கிவிட்டார். கலர் திரை, பிரிண்டர், பெட்டியோடு தள்ளிக்கொண்டு போகச் சக்கரம்.

"இத்த ஷெட்டு வாசல்ல வெச்சா போதும்மா சுகுணா. பார்ட்டி பாத்தவுடனே உள்ள வந்துருவான்" என்றார்.

"பார்ட்டி வர்றது இருக்கட்டும் பாய். நம்ம கேட்டுக்குள்ள வர்ற வண்டியெல்லாம் அது கேட்டா பதில் சொல்லுமான்னு பாக்க வேணாமா?"

கண்காட்சியில் விற்கிறவர் தனக்குத் தோதான வண்டியில்தான் காட்டுவார். எங்களிடம் வருவதோ மணலியிலும் எண்ணூரிலும் ஓடிய வண்டிகள். கடல் காற்றில் ஒயரின் முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். அனல்மின் நிலையத்துச் சாம்பல் தூசி பானெட்டுக்குள் படிந்திருக்கும். அதனால் கருவி விற்கிறவர்கள் எல்லோரும் எங்கள் ஷெட்டுக்கு ஒரே நாளில் வரட்டும், எங்கள் வண்டியில் காட்டட்டும் என்றேன். பெரிய கம்பெனிக்காரர்கள் நம்மைத் தேடி வருவார்களா என்று பாய் சங்கடப்பட்டார். நானே போன் செய்தேன். மூன்று பேர் சம்மதித்தார்கள்.

அந்த நாளுக்குச் சோதனை வண்டியாக நான் எடுத்து வைத்தது ஒரு டீசல் வேன். அதை வாங்கவிருந்தது எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு குப்பம். அவர்கள் சார்பில் வந்தவர் தேசம்மா, கரையில் மீன் ஏலம் விடுகிற அம்மாள். குரலெடுத்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும். முந்தின மழைக்காலத்தில் அவருடைய தம்பிக்கு நெஞ்சுவலி வந்து ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் முன்னாலும் பின்னாலும் அடைத்து நின்றிருந்தன. ஆட்டோ நடு ரோட்டில் ஆஃப் ஆகிவிட்டது. தள்ளிக்கொண்டே போயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலை எட்டியபோது உயிர் இல்லை. அதற்குப் பிறகுதான், குப்பத்துக்கென்று சொந்தமாக ஒரு வேன் வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள்.

வேனைக் கொண்டுவந்தவர் டில்லி என்ற புரோக்கர். எங்கள் ஷெட்டுக்கு வரும் வண்டிகளில் பெரும்பங்கு அவர் மூலம்தான் வரும். முந்தின நாள் சாயங்காலமே வண்டியை ஷெட்டில் விட்டுவிட வேண்டும், காலையில் நான் வரும்வரை யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று அவரிடம் கறாராகச் சொல்லியிருந்தேன். புரோக்கர்கள் வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கிக்கொண்டுதான் வருவார்கள். சூடான இன்ஜின் பல விஷயங்களை மறைத்துவிடும். டில்லி முணுமுணுத்துக்கொண்டே சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

காலையில் எல்லோரும் கூடினோம்.

முதலில் வந்தவருடையது வெளிநாட்டுக் கருவி. உலகத்தில் உள்ள கார் பெயரெல்லாம் அதற்குள் இருந்தது. வேனில் செருகினார். தொடர்பு இல்லை என்று வந்தது. நான் சாக்கெட்டின் பின்களை ஸ்பிரே அடித்துத் துடைத்துக் கொடுத்தேன். மறுபடியும் தொடர்பு இல்லை. "உங்க வண்டியிலதான் மேடம் ஏதோ பிரச்சினை" என்றார். ஷெட்டில் நின்ற ஒரு வெளிநாட்டுக் காரில் போட்டுப் பார்த்தபோது அருமையாக வேலை செய்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். வேறு ஏதோ ஒரு கேட்டுக்கு ஏற்ற கருவி அது. எங்கள் கேட்டுக்குள் வருகிற பத்து வண்டியில் ஒன்பது அதனிடம் வாயே திறக்காது.

அடுத்தது பாய் மயங்கிய கருவி. டை கட்டிய இளைஞர் அதைச் சக்கரத்தில் தள்ளிக்கொண்டு வந்தார். செருகிய வேகத்தில் தொடர்பு கிடைத்தது. திரையில் வேனின் படம் சுழன்றது. கடைசியில் பெரிய பச்சை நிற டிக் ஒன்று விழுந்து, கோளாறு எதுவும் இல்லை என்று வந்தது. அதையே கலரில் பிரிண்ட் எடுத்து தேசம்மா கையில் கொடுத்தார். டில்லி கை தட்டினார். தேசம்மா அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாய் என்னைப் பார்த்த பார்வையில், "இப்போ இன்னா சொல்ற?" என்ற கேள்வி இருந்தது.

"ஒவ்வொரு சென்சாரும் இந்த நிமிஷம் என்ன சொல்லுதுன்னு காட்டுமா?" என்று அந்த இளைஞரிடம் கேட்டேன்.

"அதெல்லாம் யாரு மேடம் பாக்கறாங்க? கஸ்டமருக்கு நல்லதா கெட்டதான்னு தெரிஞ்சா போதும்" என்றார்.

மூன்றாவதாக அம்பத்தூரிலிருந்து ஒருவர் பஸ் பிடித்து வந்திருந்தார். தோள்பையிலிருந்து எடுத்த கருவி சாம்பல் நிறத்தில் செங்கல் மாதிரி இருந்தது. திரையில் எழுத்து மட்டும்தான், படம் கிடையாது. தொடர்பு கிடைக்கவே நேரமெடுத்தது. அதிலும் கோளாறுக் குறியீடு எதுவும் இல்லை. பிறகு அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். சென்சார்கள் அந்தக் கணத்தில் சொல்லும் எண்கள் வரிசையாக வந்தன. இன்ஜின் தண்ணீரின் சூடு என்ற இடத்தில் எண்பத்து நான்கு டிகிரி என்று இருந்தது.

அந்த எண்ணைத் தாண்டி என் கண் போகவில்லை. கருவிகளுக்காகச் சாவியைத் திருப்பி வைத்தோமே தவிர, வேன் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து ஸ்டார்ட்டே ஆகவில்லை. பானெட்டைத் திறந்து இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தேன். ஜில்லென்று இருந்தது.

"இது எப்படி எண்பத்து நாலு காட்டுது?" என்று அம்பத்தூர்க்காரரிடம் கேட்டேன்.

வியாபாரம் பேச வந்த மனிதர் அந்த இடத்தில் வேறு ஏதாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது இது: "மேடம், இந்த மாடலுக்கு சாஃப்ட்வேர் இப்பதான் புதுசா போட்டோம். எங்க கருவியே நம்பர தப்பா காட்டவும் வாய்ப்பு இருக்கு. உறுதியா சொல்ல முடியல."

டில்லி அதைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா! அந்தாளே தன்னுது டுபாக்கூர்னு ஒத்துக்கினாரு. யக்கா, மத்தியானம் வேற பார்ட்டி வந்துகினு கீறான். அவன் செக்கிங் கிக்கிங் ஒன்னியும் கேக்கல. இப்பவே சொல்லு, வோணுமா வோணாமா?"

தேசம்மாவுக்கும் பதற்றம் தொற்றிக்கொண்டது. கையில் பச்சை டிக் போட்ட தாள் வேறு. "யம்மா, கம்ப்யூட்டரே நல்லாகீதுன்னு சொல்லிடுச்சே. நீ இன்னாத்துக்கு இழுத்துகினு கீற? மழ வர்றதுக்குள்ள எங்களுக்கு வண்டி வோணும்மா. வூட்டுல என் மருமவ முழுகாம கீறா. இந்த வண்டி போச்சின்னா நாங்க எங்க போவோம்?"

பாய் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "சுகுணாம்மா, நீ கெட்டிக்காரிதான். ஆனா பச்ச டிக்கு மெஷின் கோளாறு இல்லன்னுது. மூணாவது மெஷின்காரன் எனுக்கே தெரியாதுன்றான். இத்த வெச்சி டில்லியப் பகைச்சிக்கணுமா? கையெழுத்துப் போட்டுட்டுப் போயேன்."

பிள்ளைகளே, நீங்கள் இந்த வேலையில் நின்று பார்க்கப் போவது இந்த இடத்தைத்தான். விற்கிறவர் அவசரப்படுத்துவார். உங்கள் முதலாளி தயங்குவார். யாருக்காகப் பாடுபடுகிறீர்களோ அவரே உங்கள் மேல் எரிந்து விழுவார். உங்கள் கையில் இருப்பதோ நம்பலாமா கூடாதா என்றே தெரியாத ஓர் எண். அப்போது நீங்கள் யாரோடும் வாதாட வேண்டாம். அந்த எண் மெய்யா பொய்யா என்று கண்டுபிடிக்க என்ன வழி என்பதை மட்டும் யோசியுங்கள்.

"பாய், எல்லாருக்கும் ஒரு டீ சொல்லுங்க. அது வர்ற வரைக்கும் எனக்கு நேரம் குடுங்க. அதுக்கப்புறமும் ஒன்னும் தெரியலன்னா பேசிக்கலாம். இப்ப என் கையெழுத்து வராது" என்றேன். குரல் உயரவில்லை. ஆனால் அதற்கு மேல் பேச இடமில்லை என்பது அவருக்குப் புரிந்தது. டீக்குச் சொல்லி அனுப்பினார்.

இரண்டில் ஒன்றுதான் தப்பாக இருக்க முடியும். கருவி தப்பு, இல்லாவிட்டால் வேன் தப்பு. முதலில் கருவியைச் சோதித்தேன். இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூட்டைச் சொல்ல வேறொரு சென்சார் உண்டு. திரையில் அது அன்றைய வெயிலுக்குப் பொருத்தமான எண்ணைக் காட்டியது. அதன் பிளக்கைக் கழற்றினேன். எண் உடனே தலைகீழாகக் குதித்து, பனிமலையில் நிற்பது போல ஒன்றைக் காட்டியது. திரும்பச் செருகியதும் பழைய எண்ணுக்கு வந்தது. அப்படியென்றால் கருவி இந்த வேனைச் சரியாகத்தான் படிக்கிறது.

அடுத்தது தண்ணீர்ச் சூட்டைச் சொல்லும் சென்சார். அதை நான் தொடவில்லை.

"பாய், நீங்களே வந்து கயட்டுங்க."

வெள்ளைச் சட்டையோடு பாய் குனிந்து, நான் காட்டிய பிளக்கை இழுத்துக் கழற்றினார். எல்லோரும் திரையைப் பார்த்தோம். எண்பத்து நான்கு. பாய் பிளக்கைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். எண்பத்து நான்கு அசையவில்லை.

"கயட்டியாச்சே, அப்புறம் எப்படி இன்னும் காட்டுது?" என்றார் தேசம்மா.

"அதான்க்கா விஷயம். கம்ப்யூட்டருக்கு இந்த சென்சார் நம்பர் குடுக்கல. வேற எதுவோ குடுத்துகினு கீது. இந்த மாடல்ல சூடு காட்ற முள்ளு கெடையாது. சூடு ஏறிச்சின்னா ஒரு செவப்பு வெளக்கு எரியும், அதுவும் கம்ப்யூட்டர் சொன்னாத்தான். இன்ஜின் கொதிச்சாலும் கம்ப்யூட்டருக்கு எண்பத்து நாலுதான் தெரியும். வெளக்கு எரியவே எரியாது."

டேஷ்போர்டுக்கு அடியில் படுத்து ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். கம்ப்யூட்டர் பெட்டிக்கு அருகே கறுப்பு டேப் சுற்றிய ஓர் இடம். பிரித்தால், சென்சாரிலிருந்து வரும் ஒயரை வெட்டிவிட்டு, மிளகு அளவில் ஒரு ரெசிஸ்டரை, அதாவது மின்தடைத் துண்டை, வைத்துச் சுற்றியிருந்தார்கள். எப்போதும் நல்ல சூட்டிலேயே இருப்பதாக அது கம்ப்யூட்டரை நம்ப வைத்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை கோளாறே இல்லை. கோளாறே இல்லாதபோது குறியீடு எங்கிருந்து வரும்? பச்சை டிக் போட்ட கருவி பொய் சொல்லவில்லை. கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததை அப்படியே சொன்னது, அவ்வளவுதான்.

எதை மறைக்க இந்த வேலை என்று தெரிய வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் குமிழ் குமிழாக வந்தது. இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டில் விரிசல். எரிந்த காற்று தண்ணீருக்குள் கசிகிறது. டீ வந்து சேர்ந்தபோது தண்ணீர் பொங்கி ஷெட் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. நின்ற இடத்திலேயே இந்த நிலை என்றால், வெயிலில் லாரிகளுக்கு நடுவே அரை மணி நேரம் மாட்டினால் அது அங்கேயே நின்றுவிடும். டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியாது.

டில்லியின் முகம் செத்துப்போயிருந்தது. "எனுக்கு ஒன்னியும் தெரியாது மாமு. நா வாங்கினப்பவே இப்டித்தான் இருந்திச்சி" என்றார் பாயிடம். அது மெய்யாகவும் இருக்கலாம். எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அடுத்த நிமிடமே கோபம் வந்துவிட்டது அவருக்கு. "ஒரு பொம்பள பேச்சக் கேட்டுகினு எல்லார் முன்னாடியும் என்ன பேஜாராக்கிட்ட இல்ல? இனிமே என் வண்டி ஒன்னுகூட இங்க வராது பாய்."

நான் பாயின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் கெஞ்சுவது போல ஆகிவிடும். கழற்றிய பிளக் இன்னும் அவர் கையிலேயே இருந்தது. அதைப் பானெட் மேல் வைத்தார்.

"வராட்டி பரவால்ல டில்லி. இத்த எட்துகினு போ" என்றார்.

டில்லி சொன்னதைச் செய்தும் காட்டினார். பல மாதங்கள் எங்கள் ஷெட்டில் பாதி இடம் காலியாகவே கிடந்தது. வேறு புரோக்கர்களிடம் நாங்களே நடந்து போய்ப் பேசித்தான் வேலை பிடித்தோம். அதையும் சொல்லிவிடுகிறேன். சரியான முடிவு எடுத்தால் மறுநாளே மாலை போடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அன்று மாலை ஸ்கேனர் பேச்சுக்கு வந்தோம். நீங்கள் நம்ப மாட்டீர்கள், பாய் அப்போதும், "அந்தப் பச்ச டிக்கு அயகா இருந்திச்சும்மா" என்றார்.

"அந்த டிக்குதான் பாய் தேசம்மாக்காவ நடுரோட்டுல நிறுத்தப் பாத்திச்சு" என்றேன்.

சாம்பல் நிறச் செங்கல்லைத்தான் வாங்கினோம். எங்கள் வண்டிகளோடு அது பேசியது, உள்ளே நடப்பதை நடக்கும்போதே காட்டியது. இரண்டும் முக்கியம்தான். ஆனால் என் மனதை உறுதியாக்கியது அந்த அம்பத்தூர்க்காரர். காசு கொடுக்கும் முன், "இது எதைப் படிக்காது?" என்று கேட்டேன். ஏர்பேக் படிக்காது, இன்னின்ன மாடலில் பிரேக் கம்ப்யூட்டரைத் தொடாது என்று தயங்காமல் சொன்னார். தன் கருவியின் எல்லையைத் தெரிந்து வைத்திருக்கிறவரிடம் வாங்குங்கள். எல்லாம் படிக்கும் என்று சொல்கிறவர் ஒன்று அதைப் பயன்படுத்தியிருக்க மாட்டார், அல்லது உங்களை ஏமாற்றுகிறார்.

தேசம்மா எனக்கு நன்றி சொல்லவில்லை. வெறும் கையோடு திரும்பிப் போனார், அழுதுகொண்டே. அடுத்து அவர் கொண்டுவந்த வேனையும் வேண்டாம் என்றேன். வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டி அது. அதற்கடுத்ததும் தேறவில்லை. "உனுக்கு எந்த வண்டியும் புடிக்காதா? மழ தலைக்கு மேல வந்துகினு கீது" என்று ஷெட் வாசலில் நின்று ரோடு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். நான் என் வார்த்தையை மாற்றிக்கொள்ளவில்லை. அவருக்கு எதிரே நிற்பது டில்லியின் எதிரே நின்றதைவிடக் கஷ்டமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். நாம் தடுக்கும் ஆபத்து எதிரே நிற்பவரின் கண்ணுக்குத் தெரியாது. நாம் தட்டிப் பறித்த வண்டி மட்டும்தான் தெரியும்.

கடைசியில் பார்க்கச் சகிக்காத ஒரு வேன் வந்தது. பெயின்ட் வெளுத்து, சீட் கிழிந்து. தேசம்மா முகத்தைச் சுளித்தார். காலையில் ஆறிய இன்ஜினில் எண்களைப் பார்த்தேன். வெயிலுக்கு ஏற்ற எண்தான் இருந்தது. ஓட ஓட ஒழுங்காக ஏறி நின்றது. அதோடு விடவில்லை. தேசம்மாவையும் ஏற்றிக்கொண்டு, கன்டெய்னர் லாரிகள் அடைத்து நிற்கும் நேரமாகப் பார்த்து எண்ணூர் ரோட்டுக்கே ஓட்டிப் போனேன். மடியில் ஸ்கேனர். லாரிகளுக்கு நடுவே வண்டியை ஆஃப் செய்யாமல் நின்றோம். வெயிலில் கண் கூசியது. தேசம்மா ரோட்டைப் பார்க்கவே இல்லை. திரையில் இருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறுதா?" என்பார்.

"இல்லக்கா."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்போ?"

"இல்ல. அங்கயேதான் நிக்குது."

அன்று கையெழுத்துப் போட்டேன். ஸ்கேனரால் பார்க்க முடியாதவை எவை என்பதையும் அதே தாளில் எழுதிக் கொடுத்தேன். தேசம்மா அதைப் படித்துக் காட்டச் சொல்லி முழுக்கக் கேட்டுவிட்டு மடித்து வைத்துக்கொண்டார். கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. ரோடுகள் எல்லாம் முழங்கால் தண்ணீர். ஒரு நாள் மத்தியானம் ஷெட்டுக்குப் போன் வந்தது. எடுத்தவுடனே அந்தக் குரல்.

"சுகுணா, நாந்தான் தேசம்மா. மருமவள இட்டுகினு ஆஸ்பத்திரிக்கு வந்தோம். ரோட்டுல ஒரே லாரி. மணிக்கணக்கா நின்னுகினே இருந்தோம்மா."

"அப்புறம்?" என்றேன்.

"நாங்கதான் நின்னோம். வண்டி நிக்கல" என்றார். பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர் போல, "பொண்ணு பொறந்துகீது" என்றார்.